நார்மல் ஏழு

மார்ச் 4

டாக்டர் சந்திரகாந்தன் எனக்குப் பெரிய ரிஜிஸ்டர் ஒண்ணு கொடுத்திருக்கார். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேரம், நம்பர், மெஷின் தகராறு பண்ணுச்சா இல்லையா, எல்லாம் அதுல எழுதணும். "சொந்தக் கருத்து எதுவும் வேண்டாம் வசந்தாமணிம்மா"ன்னு வேற சொல்லிட்டுப் போனார். சொந்தக் கருத்து இல்லாம நாள் பூரா இருக்க நான் என்ன மெஷினா? அதுக்குத்தான் இந்த டைரி. என் பொண்ணு கீர்த்தனா அவ பெங்களூர் ஆபீஸ்ல கொடுத்ததுன்னு கொண்டுவந்து போட்டது, சும்மா கெடந்துச்சு.

ஆராய்ச்சி இதுதான். தலையில அடிபட்டு நம்ம ஈரோடு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை மூணு தடவை எம்.ஆர்.ஐ. எடுக்கணும். அடிபட்ட புதுசுல, மூணாம் மாசம், ஆறாம் மாசம். காயம் எங்க இருக்கு, அதைச் சுத்தி வீக்கம் எவ்வளவு, எப்ப வடியுது, எப்ப ஆறுதுன்னு பார்க்கறாங்க. கை வீங்கினா கண்ணுக்குத் தெரியும். மண்டைக்குள்ள நடக்கறதை இந்தக் காந்தக் குழாய் காட்டினாத்தான் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத தலையும் வேணும். அவங்களுக்கு 'நார்மல்'னு பேர். நார்மலுக்கு ஆள் எங்க பிடிக்கறதுன்னு மண்டையைக் குடைஞ்சுட்டு இருந்த டாக்டர் இன்னைக்கு முகமெல்லாம் பல்லா வந்தார். பேஷண்ட்டைக் கூட்டிட்டு வர்ற சம்சாரத்தையே படுக்க வெச்சுடலாமாம். "ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி. இதைவிடப் பொருத்தமா எங்க கிடைக்கும்?"

"ஆம்பளைக்குப் பொம்பளை நார்மலா டாக்டர்?"

"அதெல்லாம் கணக்குல சரி பண்ணிக்கலாம். நீங்களும் ஒரு நாள் படுங்களேன், உங்க தலையையும் பார்த்துடுவோம்."

எனக்குக் குழாய்க்குள்ள மூச்சு முட்டும்னு சொன்னேன். பதினஞ்சு வருஷமா ஊரையே அதுக்குள்ள தள்ளிவிடறவ பேசற பேச்சான்னு சிரிச்சார். சிரிச்சா சிரிக்கட்டும்.

ஆத்துத் தண்ணி இன்னைக்கும் வரலை.

மார்ச் 11

இன்னைக்கு ஏழாம் ஜோடி. ஈஸ்வரமூர்த்தி, பள்ளிபாளையத்துல சொந்தமாத் தறி போட்டிருக்கார். ஹெல்மெட் இல்லாம காவேரிப் பாலம் ஏறும்போது நாய் குறுக்க வந்து விழுந்தவர். நெத்திக்குப் பின்னாடி மூளையில நல்ல அடி. ஆள் வாட்டசாட்டமா இருக்கார், ஆனா இப்ப பச்சைக் குழந்தை. உட்கார்னா உட்கார்றார், எந்திரின்னா எந்திரிக்கறார். அவர் பேஷண்ட் ஏழு.

நார்மல் ஏழு அவர் சம்சாரம் கலாமணி. என் தோள் உயரம்கூட இல்லை. தலை நிறைய முடி.

இந்தப் பக்கம் பொம்பளைங்களுக்கு மெஷின் பயத்தைவிட தாலி கழட்டற பயம்தான் பெருசு. தங்கம்கூடப் பரவாயில்லை, அந்தக் கொடியில கோத்து வெச்சிருக்கற ஊக்குகளைக் காந்தம் இழுத்தா கண்ணு போயிடும். சொன்னாக் கேக்க மாட்டாங்க. சாமியைக் கும்பிடுவாங்க, அழுவாங்க, புருஷன்கிட்ட அனுமதி கேப்பாங்க. அதுக்காகவே டிராயர்ல மஞ்சக் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வெச்சிருக்கேன். அதைக் கழுத்துல கட்டிவிட்டு அப்புறம் கொடியைக் கழட்டச் சொன்னா சமாதானமாயிடுவாங்க. என் சொந்தச் செலவு, ஆஸ்பத்திரி தராது.

கலாமணிக்கும் கயிறை எடுத்து நீட்டினேன். "அது எதுக்குங்க்கா?"ன்னா. கொடியைக் கழட்டி, ஏதோ சாவிக்கொத்து குடுக்கற மாதிரி என் கையில குடுத்துட்டுப் போய் படுத்துட்டா. பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இடது பக்கம் நான் நின்னு, ஆடாம படுத்திருக்கணும்னு சொன்னேன். தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினா. எனக்கும் இடது காது மந்தம்தான். அதனால அதை நான் பெருசா எடுத்துக்கலை.

படம் எடுக்கறது என் வேலை, படிக்கறது டாக்டர் வேலை. ஆனா கண்ணு இருக்கே. அவ படத்துல அங்கங்க மிளகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளி. அது பழைய ரத்தம். இடது பக்கம் ஒரு எடத்துல வெள்ளையா வீக்கம். அது புதுசு.

ரிஜிஸ்டர்ல 'மெஷின் சரி'ன்னு எழுதினேன்.

மார்ச் 13

இன்னைக்கு என் ரத்தம் கொதிச்ச கொதியில ஒரு படி அரிசி வேகும்.

டாக்டர் வந்ததும் வராததுமா, "நார்மல் ஏழுல யார் படத்தை ஏத்தி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். நம்பரை மாத்திப் போட்டுட்டேனாம். வேற ஏதோ பேஷண்ட் படமாம். "டயர்டா இருந்தா லீவு எடுத்துக்கோங்கம்மா"ன்னு கரிசனம் வேற.

"அன்னைக்கு இந்த மெஷின்ல படுத்த ஒரே பொம்பளை அவதான். பொம்பளை மண்டை எது, ஆம்பளை மண்டை எதுன்னு நீங்களே படத்துல பார்த்துக்குங்க"ன்னேன். எங்குரல் வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். படத்தை இன்னொரு தடவை பார்த்தார் அவர். மறுபடி எடுங்கன்னார்.

வீட்டுக்கு வந்து கோவத்துல பாத்திரம் கழுவி, ஒரு கப்போட கைப்பிடி போச்சு.

மார்ச் 15

மறுக்கா எடுத்தாச்சு. அதே புள்ளி, அதே வெள்ளை. டாக்டர் என்கிட்ட மன்னிப்பு கேட்டார், அதைச் சொல்லணும். பெரிய மனுஷத்தனம்தான்.

கலாமணியை உட்கார வெச்சுக் கேட்டார். "எப்பவாவது விழுந்திருக்கீங்களா? தலைல அடிபட்டிருக்கா?"

"வாசக்கால் நெலவு தாழ்வுங்க. போறப்ப வர்றப்ப இடிச்சுக்குவேன்."

என் தோளுக்கு வராதவ தலை எந்த நெலவுல இடிக்கும்? டாக்டர் நல்ல உசரம். அவருக்கு எல்லா நெலவும் இடிக்கும் போல, தலையாட்டிக்கிட்டார். மாத்திரை எழுதிக் குடுத்து, தலைவலி வாந்தி வந்தா உடனே வரச் சொன்னார். அவ போனதும் என்கிட்ட, "இவங்களை ஆராய்ச்சியில வெச்சுக்கலாம். சிகிச்சையே இல்லாம ஆறிட்டு வந்திருக்கு பாருங்க, அதிசயம்"னார்.

நான் ரிஜிஸ்டர்ல நேரமும் நம்பரும் மட்டும் எழுதினேன். சொந்தக் கருத்து வேண்டாம்னு சொல்லியிருக்காரே.

ஏப்ரல் 2

கீர்த்தனா போன் பண்ணினா. அப்பா திதிக்கு வரட்டுமான்னு கேட்டா. இந்த வெயில்ல எதுக்கு அலையறன்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல் 9

அவர் திதி. படத்துக்குப் பூ வாங்க மறந்துட்டேன். எதிர் வீட்டு மரகதம் மாலையோட வந்து, "உங்கூட்டுக்காரர் மாதிரி ஒரு நல்ல மனுசனை இந்தத் தெருவுல காட்ட முடியாதுங்க"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிச்சு. தெருவே சொல்லுது. தெரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.

மாவு புளிச்சுப் போச்சு. ஊத்தப்பம் போட்டுக்கிட்டேன்.

ஏப்ரல் 27

இன்னைக்கு எடுத்த பேஷண்ட் தூங்கி, குறட்டை விட்டு, நாலு படம் வீணாப் போச்சு. வேற விசேஷம் இல்லை.

மே 8

ஈஸ்வரமூர்த்திக்கு வாரா வாரம் பிசியோதெரபி. அவரை அங்க விட்டுட்டு கலாமணி என் ரூமுக்கு வந்துடறா. ஏ.சி.க்காகன்னு சொல்றா. இன்னைக்குத் தேங்கா பன் வாங்கிட்டு வந்தா. ஆள் சதை போட்டிருக்கா, தலை நிறைய மல்லிகை.

தறியை இப்ப அவதான் ஓட்டறா. "நூல் அறுந்தா முடிச்சுப் போடறதுக்கு மட்டும் எனக்கு ஆள் வேணுங்க்கா. மத்ததெல்லாம் நானே பாத்துக்குவேன். அன்னைக்கு நூல்காரன் வந்து ஓனர் எங்கன்னு கேட்டான். நாந்தான்டா ஓனருன்னேன்!" சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"உங்கூட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"ரசஞ்சோறு போட்டாலும் கம்முனு சாப்புடறாருங்க்கா. அம்மிணி, தண்ணி குடுங்கறாரு. கண்ணாலமாகிப் பதினாலு வருசத்துல என்னைய அம்மிணின்னு இப்பத்தான் கூப்புடறாரு." பன்னைப் பிச்சுக்கிட்டே கேட்டா. "ஏனுங்க்கா, அவருக்கு முழுசாச் செரியாயிருங்களா?"

ஆயிடும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ பன்னைத் தொடவே இல்லை.

ஜூன் 12

மூணாம் மாச ஸ்கேன், ரெண்டு பேருக்கும்.

அவருக்கு வீக்கம் பாதிக்கு மேல வடிஞ்சிருக்கு. ஆளும் தெளிவு, என் பேரைக் கேட்டு ஞாபகம் வெச்சுக்கிட்டார். அவளுக்கு அந்த வெள்ளை சுத்தமாக் காணோம். கறுப்புப் புள்ளி அப்படியேதான் இருக்கும், பழைய ரத்தக் கறை லேசுல போகாது. ஆனா புதுசா ஒண்ணும் இல்லை. டாக்டருக்குப் படு சந்தோஷம்.

வீட்டாளுங்ககிட்ட ஒரு கேள்வி ஒவ்வொரு தடவையும் கேக்கணும்னு திட்டம். அதை டாக்டர் கேட்டார். "அடிபடறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே ஆயிட்டாரா?"

"இன்னும் இல்லீங்க டாக்டர்." சிரிச்ச முகமாச் சொன்னா.

"கவலைப்படாதீங்கம்மா. இன்னும் மூணு மாசத்துல உங்க பழைய வீட்டுக்காரரை அப்படியே திருப்பிக் குடுத்துடறேன், போதுமா?"

சிரிப்பு போன எடம் தெரியலை. ஈஸ்வரமூர்த்தி தலையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

கொடியைத் திருப்பிக் குடுக்கறப்ப கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். "நெலவு இடிச்ச கதையெல்லாம் டாக்டரோட வெச்சுக்க. என்கிட்ட வேண்டாம். உங்கண்ணன் தம்பி யாரும் இல்லையா?"

கொடியைக் கழுத்துல மாட்டிக்கிட்டா. பொறகு சொன்னா. "சங்ககிரியில அண்ணன் இருக்கானுங்க்கா. லோகநாதன். மூணு தடவ அங்க போனேன். எங்க அடிச்சான், காட்டுங்கறான். தலமயிருக்குள்ள அடிச்சா எதைக் காட்டறதுங்க? கையில கால்ல ஒரு கீறல் இல்லை. அவரு அதுல கெட்டி. ஒண்ணையுங் காணமே, கோவத்துல ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு, அனுசரிச்சுப் போ சாமின்னு அவனே பஸ் ஏத்திக் கொண்டாந்து உட்டுட்டுப் போயிருவான். நல்லவந்தானுங்க்கா அவன். கண்ணுக்குத் தெரியலைன்னா அவனும் என்ன பண்ணுவான்?"

தலைமுடிக்குள்ள அடிச்சா வெளிய தெரியாது. ஆமா, தெரியாது.

இதை எழுதறப்ப பேனா அழுத்தி பேப்பர் கிழிஞ்சுடுச்சு. கோவம்தான். வேற ஒண்ணும் இல்லை.

ஜூன் 14

டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டுக் கேட்டார். "அவங்களே வந்து சொல்லாம நாம என்ன செய்யறது வசந்தாமணிம்மா? படத்துல அடி தெரியும், அடிச்ச கை தெரியாது. நாம கேட்டு, அந்தாளுக்குத் தெரிஞ்சு, வீட்டுல இன்னும் ரெண்டு விழுந்தா யார் பொறுப்பு?"

சரியான கேள்வி. சரியான கேள்வி கேக்கறவங்களை எனக்குச் சில நேரம் பிடிக்கறதே இல்லை.

ஜூலை 10

கலாமணி வரலை. ஈஸ்வரமூர்த்தியைப் பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில கூட்டி வந்தான்.

ஜூலை 24

வரலை.

ஆகஸ்ட் 7

ஈஸ்வரமூர்த்தி தானே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தார். நடை, பேச்சு, எல்லாம் கணீர்னு இருக்கு. ஹெல்மெட் எங்கேன்னு கேட்டேன், சிரிச்சார். கலாமணி எங்கேன்னு கேட்டேன்.

"ஊட்டுல வேலை கெடக்குதுங்க. நாம்படுத்த நேரத்துல ஆட்டம் ஜாஸ்தியாயிருச்சு. தறி, வெளிப்பேச்சுன்னு ஊர் சுத்தப் பழகிட்டா. இப்பத்தான் செரி பண்ணியிருக்கேன்."

பிசியோதெரபிப் பொண்ணு அவரைப் பார்த்துக் கைதட்டினா. எங்க ஆராய்ச்சியிலயே நல்லாக் குணமானவர் இவர்தானாம்.

சாயங்காலம் அவ போன் நம்பருக்கு அடிச்சேன். அவர் எடுத்தார். ஆறாம் மாச ஸ்கேனுக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வரணும், இல்லைன்னா டாக்டர் முதல்ல எடுத்த படமெல்லாம் வீண்னு சொல்லிட்டு வெச்சேன். அது பொய்யில்லை. பொய்யா இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 19

தலைவலின்னு அரை நாள் லீவு. கேஸ் சிலிண்டர் வந்துச்சு. மரகதம் வந்து ரொம்ப நேரம் பேசிட்டு இருந்துச்சு. அது உட்கார்ந்தது என் இடது பக்கம். பாதிதான் கேட்டுச்சு, நல்லதாப் போச்சு.

செப்டம்பர் 11

வந்தாங்க.

அவர் முன்னாடி, அவ பின்னாடி. அவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு. அவ தலையில பூ இல்லை, கண்ணு உள்ள போயிருக்கு, நடக்கறப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. டாக்டர் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. மாநாட்டுல காட்ட ஜோடியா ஒரு போட்டோ எடுக்கணும்னார். "கிட்ட நில்லு"ன்னு ஈஸ்வரமூர்த்தி அவ தோளைப் பிடிச்சு இழுத்தார். அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. போட்டோ அப்படித்தான் விழுந்துச்சு. டாக்டர் இன்னொண்ணு எடுத்தார், அதுலயும் அப்படியேதான்.

அவரை முதல்ல எடுத்தேன். சுத்தம். நெத்திக்குப் பின்னாடி சின்ன வடு, அவ்வளவுதான். வீக்கம் துளிகூட இல்லை.

அப்புறம் அவ. எப்பவும் போல ரப்பர் பந்தைக் கையில குடுத்தேன். உள்ள முடியலைன்னா அதை அமுக்கினா என் பக்கம் மணி அடிக்கும். அவர் எங்கூட, மெஷினை ஓட்டற கன்சோல் ரூமுக்குள்ள வந்து நின்னுக்கிட்டார். "நான் பாக்கறேன், நீங்க எடுங்க."

"இங்க நிக்கக் கூடாது. வெளிய பெஞ்சுல உட்காருங்க."

"நான் புருசனுங்க."

"இருக்கட்டும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு சொல்லி வெளிய அனுப்பித் தாழ்ப்பாள் போட்டேன். சட்டம்னா, நான் போட்ட சட்டம்.

முதல் படம் வந்ததும் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல மெல்லிசா ரத்தம், புதுசு. ரெண்டு எடத்துல வெள்ளை. புதுப் புள்ளியும் இருக்கு. ஆறு மாசத்துல அவருக்கு ஆறினதெல்லாம் இவளுக்கு ஏறியிருக்கு.

டாக்டருக்குப் போன் அடிச்சேன். ரவுண்ட்ஸ்ல இருந்தார். அடுத்த படத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. மைக்கை அழுத்தினேன். குழாய்க்குள்ள எங்குரல் அவளுக்கு மட்டும்தான் கேக்கும், அவளைத் தவிர யாரும் அங்க இல்லை. அந்த வீட்டுல அவளுக்கு இப்படி ஒரு எடம் இருந்திருக்காது.

"கலாமணி, வாய் திறக்காத, தலை ஆடும். கேளு. எங்கயும் அடிபடலைன்னு இனிமே நீ சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் படத்துல இருக்கு. இன்னைக்கு நீ ஊட்டுக்குப் போக வேண்டாம்னு நெனைச்சா பந்தை அமுக்கு. நெனைக்கலைன்னா சும்மா இரு. நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

ஒண்ணும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ பாதம் மட்டும் தெரியுது, அசையலை. அவசரப்பட்டுட்டேனோன்னு நெனைச்சு அடுத்த படத்தை ஓட்டினேன். மெஷின் கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சுது.

பாதியில மணி அடிச்சுது. விட்டு விட்டு இல்லை. ஒரே பிடியா, நிக்காம அடிச்சுது. அந்தப் படம் பாழாப் போச்சு. படம் பாழானதுக்கு நான் சந்தோஷப்பட்டது அது ஒரு தடவைதான்.

"அங்க என்ன சத்தம்?"னு அவர் கதவைத் தட்டினார்.

டாக்டர் ஓடி வந்தார். படத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். "இன்னைக்கே அட்மிட் பண்ணணும்"னார். அவளைச் சக்கர நாற்காலியில உட்கார வெச்சு வெளிய தள்ளிட்டு வந்தோம். ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்தார்.

"அட்மிசனா? எதுக்குங்க? இவளுக்கு என்ன கேடு? அடிபட்டது எனக்குங்க."

டாக்டர் அவரைக் கவனிக்கலை. குனிஞ்சு அவகிட்டக் கேட்டார். "தலைல எப்படிம்மா அடிபட்டுச்சு?"

அவ அவரைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம் டாக்டரைப் பார்த்துச் சொன்னா. சத்தமா இல்லை, ஆனா தெளிவாச் சொன்னா.

"ஒவ்வொரு வாட்டியும் கேப்பீங்களே டாக்டர், பழையபடி ஆயிட்டாரான்னு. ஆயிட்டாருங்க. அச்சு அசலா அப்படியே ஆயிட்டாரு. அதனாலதான் நான் ஊட்டுக்குப் போகலைங்கறேன்."

வராண்டாவுல போன நர்ஸ் நின்னுட்டா.

ஈஸ்வரமூர்த்தி முகம் மாறினது கொஞ்ச நேரம்தான். உடனே குரலை இறக்கிட்டார். "சார், நான் தலைல அடிபட்டவனுங்க. அதுல இருந்து கோவம் வருதுங்க. நீங்களே சொன்னீங்கல்ல, மூளைல அந்த எடத்துல அடிபட்டா கோவம் வரும்னு. நான் வேணும்னா பண்ணுனேன்?"

நான் டாக்டரைப் பார்த்தேன். எனக்கு அந்த நேரம் பயமாவே இருந்துச்சு. அவர் படிச்சவர், அந்தக் காரணமும் படிச்ச காரணம். ஒத்துக்கிட்டா முடிஞ்சுது கதை.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே பேசினார். "நீங்க பாலத்துல விழுந்தது பிப்ரவரி கடைசியில. அவங்களை முதல்ல எடுத்தது மார்ச்சுல. அப்பவே அவங்க தலையில வருஷக்கணக்கான காயம் இருந்துச்சு. நீங்க படுத்துக் கெடந்த மூணு மாசத்துல புதுசா ஒண்ணு இல்லை. நீங்க எழுந்து நடந்ததும் திரும்ப வந்திருக்கு. உங்க மூளையை நான் ஆறு மாசமாப் பார்த்துட்டு இருக்கேன். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

அப்புறம் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, அவரைக் கீழ போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். அடிதடிக் காயம்னா சொல்லியாகணும், அது நிஜமாவே சட்டம்.

நான் நெனைச்சதைவிட நல்ல டாக்டர்தான் அவர். கொஞ்சம் லேட்டு.

செப்டம்பர் 12

ரத்தம் மருந்துலயே கரைஞ்சுடும், ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. கலாமணி தூங்கறா. நான் போனப்ப முழிச்சு, அண்ணன் நம்பரைச் சொன்னா.

போன் பண்ணினேன். "மறுக்கா கோவிச்சுக்கிட்டு வந்துட்டாளாக்கும்?"னு ஆரம்பிச்சார் லோகநாதன். ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன்னு சொன்னதும் எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 13

லோகநாதன் காலையில வந்தார். மெலிஞ்ச ஆளு, கையில ஒரு பை ஆரஞ்சுப் பழம். தங்கச்சியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். நான் எதிர்பார்த்ததையே கேட்டார். "எங்க சாமி அடி?"

நார்மலுக்குப் படம் குடுக்கக் கூடாதுன்னு ஆராய்ச்சி விதி. ஆனா அவ இப்ப நார்மல் இல்லையே, வார்டுல படுத்திருக்கற பேஷண்ட். டாக்டரே பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டார். மூணு தடவை எடுத்ததையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, விரலை வெச்சுக் காட்டினேன். இந்தக் கறுப்பெல்லாம் பழசு, ஒவ்வொண்ணும் ஒரு அடி. இது மார்ச். இது ஜூன், அவர் படுத்திருந்த நேரம், ஒண்ணும் இல்லை. இது முந்தாநாள் எடுத்தது.

அவர் படத்தை வாங்கிக்கலை. நான் பிடிச்ச பிடியிலயே பார்த்துட்டு இருந்தார். உதடு அசைஞ்சுது. புள்ளியை எண்ணறார்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

"நாந்தானுங்க கொண்டுபோய் உட்டேன்"னு என்கிட்டச் சொன்னார். "மூணு வாட்டியும் நாந்தான்."

கட்டில் பக்கம் போய், தங்கச்சி தலையைத் தடவக் கையைத் தூக்கினார். கலாமணி சடக்குனு ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டுச் சுருண்டுட்டா.

அண்ணன்காரர் கை அந்தரத்துலயே நின்னுடுச்சு. இறக்கவும் தெரியலை அவருக்கு. பை நழுவி, பழம் தரையில உருண்டு பக்கத்துக் கட்டிலுக்கு அடியில போச்சு. யாரும் எடுக்கலை.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவ விரல் இடுக்கு வழியா, வந்தது யாருன்னு பார்த்தா. கையை மெல்ல இறக்கினா.

"அண்ணா, இனி என்னையக் கொண்டுபோய் உட மாட்டியல்ல?"

தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்கு அது பத்தலை.

"வாயத் தொறந்து சொல்லு"ன்னா.